அயர்ன்மேன் வேல்ஸ்: இரண்டாவது சுற்றுக்காகக் கால்களைச் சேமிக்க வேண்டிய பந்தயம்

வேல்ஸ் நாட்டின் தென்மேற்கு மூலையில், பெம்ப்ரோக்ஷயர் வட்டாரத்தில், டென்பி என்ற சிறிய கடற்கரை ஊர் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு அங்கே முதன்முதலாக நடந்த அயர்ன்மேன் வேல்ஸ், இன்று ஐரோப்பாவின் கடினமான முழுத்தொலைவு டிரையத்லான்களைப் பற்றிப் பேசும் எவரும் தவறாமல் குறிப்பிடும் பந்தயமாகிவிட்டது. 3.8 கி.மீ. கடல் நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் என்ற தூரங்களும், எல்லாவற்றையும் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியும் மற்ற இடங்களில் உள்ளவைதாம். டென்பியை வேறுபடுத்துவது அதன் சாலைகள். சைக்கிள் பகுதியில் மட்டும் ஏறக்குறைய 2,400 மீட்டர் ஏற்றம் சேர்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஊட்டிவரை ஏறினால்கூட 2,240 மீட்டர்தான். இத்தனைக்கும், மலை என்று சொல்லத்தக்க எதையும் அந்தத் தடம் தொடுவதில்லை. குட்டையான, செங்குத்தான, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும் மேடுகளால்தான் அந்தக் கணக்கு நிறைகிறது.

நான் சேலத்தில் பிறந்து, இப்போது பிரிஸ்டலில் மருந்தகத்தில் பணிபுரியும் 41 வயதுப் பெண். வேலைக்கு முன்பும் பிள்ளைகள் உறங்கிய பிறகும் கிடைக்கும் நேரத்தில் பயிற்சி செய்பவள். பார்சிலோனாவுக்கு அருகில் உள்ள கலேயாவில் சமதளமான தடத்தில் என் முதல் முழுத்தொலைவுப் பந்தயத்தை 12 மணி 48 நிமிடத்தில் முடித்தேன். டென்பியில் எனக்கு 15 மணி 9 நிமிடம் ஆனது. இந்த ஏறக்குறைய இரண்டரை மணி நேர இடைவெளி எங்கே போனது, அதில் எவ்வளவு பந்தயத்தின் இயல்பு, எவ்வளவு என் தவறு என்பதை விளக்கினால், கோவாவில் 2019 முதல் நடந்துவரும் அரைத்தொலைவுப் பந்தயத்தை முடித்துவிட்டு அடுத்து எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கொடுத்த பணத்துக்கு முழு மதிப்புள்ள பந்தயம். ஆனால் முதல் முழுத்தொலைவுப் பந்தயமாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பதிவுக் கட்டணம் பல நூறு பவுண்டு ஆகும். அதைவிடத் தங்குமிடம்தான் பெரிய சிக்கல். டென்பி சின்ன ஊர். பந்தய வாரத்துக்கு அறைகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். நாங்கள் பதிவு உறுதியான அன்றே பெனாலி பக்கம் ஒரு வீட்டின் மாடியை நான்கு இரவுகளுக்கு எடுத்துக்கொண்டோம். லண்டனிலிருந்து வருபவர்கள் ரயிலில் டென்பி நிலையம்வரை வந்துவிடலாம் என்றாலும், சைக்கிளோடும் மூட்டை முடிச்சுகளோடும் குடும்பத்தோடும் வருவதற்குக் காரே வசதி. வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்குள் வந்துவிடுவது நல்லது. சனிக்கிழமை சைக்கிளையும் பைகளையும் ஒப்படைக்கும் வேலையிலேயே பாதி நாள் போய்விடுகிறது.

கியர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பந்தயத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் வீட்டிலேயே, பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியான கேசட்டை வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. என் எடை 58 கிலோ; சைக்கிள், தண்ணீர், உணவு எல்லாம் சேர்த்து 12 கிலோ. மொத்தம் 70 கிலோவை 15 சதவீதச் சரிவில் மணிக்கு 6 கி.மீ. என்ற நடை வேகத்தில் ஏற்றுவதற்கே ஏறத்தாழ 175 வாட் தேவை. நான் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்சம் 190 வாட். அதாவது, மிகச் சிறிய கியரைப் போட்டு, இதைவிட மெதுவாகப் போனால் சாய்ந்து விழுந்துவிடுவோம் என்ற நிலையில் போனாலும், அந்த மேடு என் உச்சத்தின் அருகிலேயே என்னை நிறுத்திவிடுகிறது. அப்போது முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் நிமிடத்துக்கு 39 முறைதான் பெடல் சுற்றும். பின்னால் 32 இருந்தால் 45, 34 இருந்தால் 48. படிக்க இது சிறிய வித்தியாசமாகத் தெரியலாம். ஆனால் 39 என்பது ஒவ்வொரு மிதிக்கும் மாடிப்படியில் ஒற்றைக்காலால் உந்தி எழுவதைப் போன்றது. அந்த உந்தல் தொடையில் தங்கி, பிறகு ஓட்டத்தில் கணக்குத் தீர்க்கிறது. சமதளப் பந்தயத்துக்கு எடுத்துச் செல்லும் கனமான முழு வட்டுச் சக்கரத்துக்கும் பெரிய முன்பல்லுக்கும் இங்கே அதிக வேலையில்லை. சாதாரண ரோடு சைக்கிளில் கைதாங்கிகளைப் பொருத்திக்கொண்டு வந்த பலர் என்னைவிட நிம்மதியாக ஏறினார்கள்.

இதையெல்லாம் தெரிந்துதான் 32 பல் கேசட்டை வாங்கி, எங்கள் ஊரில் ஒரு கடையில் மாட்டக் கொடுத்தேன். மாட்டியவர்கள், பின்கியர் மாற்றியைத் தாங்கும் சிறிய உலோகக் கொக்கி சற்று உள்பக்கமாக வளைந்திருந்ததைக் கவனிக்கவில்லை. வாங்கி வந்த பிறகு சமதளத்தில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்தேன். மிகச் சிறிய கியரில், முழு பாரத்தோடு, செங்குத்தில் ஏறிச் சோதிக்கவில்லை. அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன். யார் மாட்டினாலும், பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு உங்கள் ஊரிலேயே இருக்கும் மிக மோசமான மேட்டில், கடைசிப் பல்லில் செயினை வைத்து எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள் என்பதை இந்த மதிப்பீட்டின் மிக முக்கியமான வரியாக எடுத்துக்கொள்ளலாம்.

பந்தயம் வடக்குக் கடற்கரையில் தொடங்குகிறது. மணலின் நடுவே காஸ்கர் பாறை தனியாக எழுந்து நிற்கிறது. மேலே குன்றின் விளிம்பில் வெளிர் நிறங்களில் வீடுகள், அவற்றின் கைப்பிடிச் சுவர் நெடுக மனிதத் தலைகள். விடியற்காலை இருட்டில், இரப்பர் உடையணிந்த கூட்டம் ஊர் வழியாக வெறுங்காலோடு கடலை நோக்கி நடக்கும்போது, அந்த ஊரே வாசலில் நின்று வழியனுப்புகிறது. கடற்கரையில் வேல்ஸ் நாட்டுப்பண் ஒலிக்கத் தொடங்கியதும் மேலே இருந்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து பாடினார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் நீச்சல் கண்ணாடிக்குள் கண்ணீர் நிரம்பியதால், அதைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்ட வேண்டியதாயிற்று. எத்தனை பந்தயங்களில் எத்தனை ஒலிபெருக்கிகள் கத்தினாலும் இப்படி ஒரு தொடக்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நீச்சல் இரண்டு சுற்று. முதல் சுற்று முடிந்ததும் மணலில் ஏறிச் சில அடிகள் ஓடி, மறுபடியும் அலைக்குள் இறங்க வேண்டும். செப்டம்பர் மாதக் கடல் 16 டிகிரியை ஒட்டி இருக்கும். வெட்சூட் என்ற இரப்பர் நீச்சல் உடை நல்லதாக இருந்தால் உடம்பு தாங்கிவிடும், முகமும் விரல்களும்தான் மரத்துப்போகும். கடல் அமைதியாக இருந்தால் இது எளிய நீச்சல். காற்றடித்தால், உடைந்த கண்ணாடித் துண்டுகள்போல எல்லாத் திசையிலிருந்தும் சிற்றலைகள் முகத்தில் அறைகின்றன. எனக்கு முதல் சுற்றில் ஒன்று, இரண்டாவது சுற்றில் மற்றொன்று என இரண்டும் கிடைத்தன. 1 மணி 24 நிமிடத்தில் கரையேறினேன்.

கரையேறிய இடத்திலிருந்து சைக்கிள்கள் நிற்கும் இடம் ஒரு கி.மீ. தொலைவு. இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கோ இந்தப் பந்தயத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. கடற்கரையிலிருந்து குன்றின் மேலே செல்லும் வளைந்து வளைந்து ஏறும் பாதையில், கைப்பிடிக் கம்பி நெடுக எண்ணிட்ட கொக்கிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு கொக்கி, அதில் ஓர் இளஞ்சிவப்புப் பை, அதற்குள் ஊருக்குள் ஓடுவதற்கென்று விடியலில் நாமே வைத்துவிட்டுப் போன ஒரு ஜோடிப் பழைய செருப்போ காலணியோ. வெட்சூட்டை இடுப்புவரை உரித்துக்கொண்டே ஏறினேன். விரல்கள் மரத்திருந்ததால் பையின் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தபோது கடல் உப்பும் நெகிழியும் சேர்ந்த ஒரு சுவை நாக்கில் ஒட்டியது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு மூதாட்டி உதவக் கை நீட்டிவிட்டு, வெளியார் தொட்டால் எனக்குத் தண்டனை கிடைக்குமோ என்று அஞ்சிப் பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டார். பிறகு நான் காலணியை மாட்டி முடிக்கும்வரை, இருவரும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்வதுபோல, மூச்சைப் பிடித்துக்கொண்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை முடிச்சுப் போடாமல் வாயை மடித்து மட்டும் வைப்பேன்.

இனி சைக்கிள். தடம் இரண்டு சுற்றுகளாக அமைந்திருக்கிறது. முதலாவது நீளமானது: டென்பியிலிருந்து மேற்கே, 1457இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி பிறந்த கோட்டை நிற்கும் பெம்ப்ரோக் வழியாக ஆங்கிள் என்ற கடற்கரைச் சிற்றூர்வரை போய், ஃப்ரெஷ்வாட்டர் வெஸ்ட் கடற்கரையை ஒட்டித் திரும்பி, காஸில்மார்ட்டின் வழியாக மறுபடி பெம்ப்ரோக், பிறகு கேரூ, நார்பர்த், வைஸ்மன்ஸ் பிரிட்ஜ், சாண்டர்ஸ்ஃபுட், டென்பி. இரண்டாவது சுற்றில் மேற்குப் பகுதி இல்லை. கேரூவிலிருந்து சாண்டர்ஸ்ஃபுட்வரையிலான பகுதி மட்டும் மறுபடியும் வருகிறது. தூரத்தைப் பார்த்தால் இரண்டாவது சுற்று குட்டை என்று மனம் ஆறுதல் கொள்ளும். தடத்தின் மிகக் கொடிய மேடுகள் அத்தனையும் அந்தக் குட்டைச் சுற்றில்தான் இருக்கின்றன என்பதும், அவற்றை ஏற்கனவே ஒருமுறை ஏறிய கால்களோடுதான் மறுபடி ஏற வேண்டும் என்பதும் வரைபடத்தில் தெரிவதில்லை.

நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஏற்காட்டுச் சாலையில் ஏறிப் பயிற்சி செய்வதுண்டு. அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளும் நீண்டவை, சீரானவை. ஒரு கியர், ஒரு மூச்சு, ஒரு தாளம் என்று பிடித்துக்கொண்டால் உச்சிவரை அதே கதியில் போய்விடலாம். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் டென்பிக்கு வந்தேன். பெம்ப்ரோக்ஷயர் சாலைகளில் எந்தத் தாளமும் நிலைப்பதில்லை. மூன்று நிமிடம் ஏற்றம், ஒரு நிமிடம் இறக்கம், அடிவாரத்தில் ஒரு கூரான திருப்பம், உடனே மறுபடி ஏற்றம். இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் வேலிப்புதர் மண்டிய மண்கரைகள் இருப்பதால், வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆகவே இறக்கத்திலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டியிருக்கிறது. ஏறியதற்குக் கூலியாக இறக்கத்தில் கிடைக்க வேண்டிய வேகம் கைக்கு வருவதற்குள் கரைந்துவிடுகிறது. சக்திமானியில் சராசரி வாட் மிகச் சாதாரணமாகத் தெரிந்துகொண்டிருக்கும். ஆனால் சீராக 135 வாட்டில் ஐந்து மணி நேரம் போவதும், 220க்கும் பூஜ்யத்துக்கும் இடையே நூறு முறை ஏறி இறங்கி அதே 135 சராசரிக்கு வருவதும் உடம்புக்கு ஒன்றாவதில்லை. உச்சத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் தசையில் சேமித்த சர்க்கரைதான் எரிகிறது. அது நம்மிடம் அளவாகத்தான் இருக்கிறது.

அபாயமான வளைவுகளுக்கு முன்னால் சாலையில் வெள்ளை எழுத்துகளில் ‘அராவ்’ என்று எழுதியிருக்கும். வேல்ஸ் மொழியில் ‘மெதுவாக’ என்று பொருள். வண்டி ஓட்டுபவர்களுக்கான எச்சரிக்கைதான் என்றாலும், முதல் சுற்று முழுவதும் அது எனக்கே எழுதப்பட்டதாக எடுத்துக்கொண்டு, ஏற்றங்களில் என்னைத் தாண்டிப் போனவர்களைப் போகவிட்டேன். நான் அன்று சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆங்கிள் பக்கம் அட்லாண்டிக் காற்று நேர் முகத்தில் அடித்தபோதும் கைதாங்கியில் படுத்து, தலையைத் தாழ்த்தி, அவசரப்படாமல் போனேன்.

ஃப்ரெஷ்வாட்டர் வெஸ்டில் சாலை கடலை ஒட்டி இறங்கி, மணல் திட்டுகளைத் தாண்டி, மறுபடி விருட்டென்று மேலேறுகிறது. அந்த நாளின் மிக அழகான காட்சி அதுதான். என் சைக்கிள் பழுதான இடமும் அதுவே. கடைசிப் பல்லுக்கு மாற்றியதும் செயின் அதையும் தாண்டிப் போய், கேசட்டுக்கும் ஸ்போக் கம்பிகளுக்கும் நடுவே இறங்கிச் சிக்கிக்கொண்டது. சாலையோரப் புல்லில் சைக்கிளைச் சாய்த்து, இரு கையாலும் இழுத்துச் செயினை வெளியே எடுக்கவே ஐந்து நிமிடம் ஆனது. கருப்பு எண்ணெய் முழங்கைவரை. ஒரு ஸ்போக் கீறல் விழுந்திருந்தது, நல்லவேளையாக முறியவில்லை. பையில் இருந்த சிறிய திருகியால் உள்பக்க வரம்புத் திருகை அரைச் சுற்று இறுக்கினேன். அதன் பிறகு செயின் ஸ்போக்குப் பக்கம் போகவில்லை. கூடவே 32 பல்லுக்கும் ஏற மறுத்துவிட்டது. மிச்சமிருந்த தூரம் முழுவதும் எனக்கு 28தான். எந்தக் கியருக்காக இவ்வளவு திட்டமிட்டேனோ அது கண்ணெதிரே இருந்தும் பயன்படாமல் போனது.

நார்பர்த் கடைவீதி செங்குத்தான தெரு. வண்ண வண்ண வீடுகளுக்கு நடுவே ஊர்க்கூட்டம் இருபுறமும் நெருங்கி நிற்பதால், அந்த ஏற்றம் நீண்டதாகத் தோன்றுவதில்லை. அதைத் தாண்டினால் வைஸ்மன்ஸ் பிரிட்ஜ். கடலின் காலடிவரை இறங்கி, அலைச்சத்தம் காதில் விழும் அளவுக்கு வந்து, ஒரு திருப்பத்தில் சுவர்போல எழும் மேடு. முதல் சுற்றில் 28 பல்லில் எழுந்து நின்று மிதித்து ஏறிவிட்டேன். இரண்டாவது சுற்றில், பாதி மேட்டில், இனி ஒரு மிதி மிதித்தால் தொடை இழுத்துக்கொள்ளும் என்று தெரிந்ததும், இறங்கி நூறு அடி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். என் பக்கத்தில் இரண்டு ஆண்களும் அப்படியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். விதி இதை அனுமதிக்கிறது. நேர இழப்பும் சில நொடிகள்தான். தசைப்பிடிப்பு வந்து பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருப்பதைவிட இது மேல் என்பதால், யாரும் இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்து சாண்டர்ஸ்ஃபுட் மேடு. ஹார்ட்பிரேக் ஹில் என்று எல்லோரும் அழைக்கும் இடம். துறைமுகத்தைக் கடந்து ஊரைவிட்டு ஏறும் அந்தச் சாலையில் மக்கள் இருபுறமும் முன்னே வந்து வந்து, நடுவே ஒரு சைக்கிள் போகும் அளவுக்கே இடம் விட்டிருந்தார்கள். மணி, தகரப் பாத்திரம், பறை, கைதட்டல் என்று காது அடைக்கும் ஓசை. என் எண் அட்டையில் பெயர் ‘கயல்’ என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருந்தது. முதலில் யாரோ ஒருவர் ‘கேயல்’ என்றார். பக்கத்தில் நின்றவர் ‘காயல்’ என்று திருத்தினார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே ‘கயல்’ என்றேன். அவ்வளவுதான், அந்த ஒலி எனக்கு முன்னால் மேடேறிப் போய்விட்டது. நான் போய்ச் சேர்வதற்கு முன்பே மேலே இருந்தவர்கள் சரியான உச்சரிப்பில் என்னை அழைத்துக்கொண்டிருந்தார்கள். டென்பிக்கு வேல்ஸ் மொழியில் ‘மீன்களின் சிறு கோட்டை’ என்று பொருள்படும் பெயர் உண்டு என்பதைப் பந்தயத்துக்கு முந்தைய நாள்தான் அறிந்திருந்தேன். மீன் என்று பொருள்படும் என் பெயரை அந்த மேட்டில் அத்தனை பேர் சொல்லிக் கேட்டபோது, ஏறி முடிக்கும்வரை தொடை வலி நினைவுக்கே வரவில்லை. வேறெந்தப் பந்தயத்திலும் பதிவுக் கட்டணத்துக்கு இது கிடைக்காது.

இந்தத் தடம் சைக்கிளில் வலுவானவர்களுக்கே சாதகமானது. 2017இல் இங்கே ஆண்கள் பிரிவில் வென்ற ஆஸ்திரேலியரான கேமரன் வர்ஃப், டிரையத்லானுக்கு வருவதற்கு முன் தொழில்முறைச் சைக்கிள் வீரராக இருந்தவர். பெண்கள் பிரிவில் ஒருமுறைக்கு மேல் வென்ற லூசி காசேஜ் புற்றுநோய் மருத்துவரும்கூட என்பது, வேலை நேரங்களுக்கு நடுவே பயிற்சிக்கு இடம் தேடும் என்னைப் போன்றவர்களுக்குத் தனி ஊக்கம்.

உணவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாலையோர நிலையங்களில் ஜெல், வாழைப்பழம், உப்புச்சத்துப் பானம் எல்லாம் குறைவின்றிக் கிடைத்தன. புட்டியை நீட்டும் தன்னார்வலர்கள் நம் வேகத்துக்கு ஏற்ப உடன் ஓடிவந்து கொடுத்தார்கள். இனிப்பு ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு எனக்குக் குமட்டும் என்பதால், குழைய வடித்த சோற்றில் எலுமிச்சையும் உப்பும் சேர்த்து, கையடக்கமாக அழுத்தி, தகடுத்தாளில் சுற்றி எட்டுப் பொட்டலம் கொண்டுபோயிருந்தேன். தாளித்த கடுகும் கறிவேப்பிலையும் வேண்டாம், தொண்டையில் ஒட்டி இருமல் வரும் என்பதைப் பயிற்சியிலேயே கற்றிருந்தேன். வளைவும் மேடும் மாறிமாறி வருவதால், இரண்டு கையும் ஓய்வாக இருந்து பொட்டலம் பிரிக்க வாய்ப்புள்ள இடங்கள் இந்தத் தடத்தில் மிகக் குறைவு. பெம்ப்ரோக்குக்கு முன்னும் பின்னும் உள்ள திறந்த சாலையிலேயே உண்டு முடித்துவிட வேண்டும்.

சைக்கிள் பகுதிக்கு மட்டும் 8 மணி 10 நிமிடம் ஆனது. ஓட்டத்தைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கிறேன்: அதுவும் மேடுதான். நான்கு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஊரைவிட்டு நியூ ஹெட்ஜஸ்வரை நீளமாக ஏறி, பிறகு டென்பிக்குள் இறங்கி, பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கிய மதிலுக்குள் இருக்கும் குறுகிய தெருக்களில் வளைந்து வளைந்து ஓட வேண்டும். ஏற்றத்தில் நடந்துவிடலாம், தொடையைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால், ஒவ்வோர் அடியும் உள்ளே ஒரு நாரை அறுப்பதுபோல இருக்கும். நான் ஏற்றத்தில் வேகமாக நடப்பது, இறக்கத்தில் குட்டை அடிகளாக ஓடுவது, ஊருக்குள் எப்பாடுபட்டாவது ஓடுவது என்று வைத்துக்கொண்டேன். ஊருக்குள் நடப்பதற்கு மனம் வராது. மதுக்கடை வாசலில், சன்னலில், மதில் மேல் என எங்கும் ஆட்கள். சுற்றுக்கு ஒரு நிறப் பட்டையைக் கையில் வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறர் கைகளில் எத்தனை பட்டை இருக்கிறது என்று பார்ப்பதே முதல் இரண்டு சுற்றிலும் ஒரு வேதனை. நான்காவது பட்டை கைக்கு வந்தபோது அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஓட்டத்துக்கு மட்டும் 5 மணி 14 நிமிடம். உடை மாற்றும் இடங்களில் மிச்ச நேரம்.

இந்த ஊருக்குப் பந்தயத்தால் நாள் முழுவதும் சாலைகள் அடைபடுகின்றன. அதைப் பொறுத்துக்கொள்வதோடு நிற்காமல், வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருட்டிய பின்னும், மழைத்தூறலிலும், கடைசியாக வருபவர்வரை காத்திருக்கிறார்கள். முதல் சுற்றில் ஒரு சந்து முனையில் கைநீட்டித் தட்டிய சிறுமி, நான்காவது சுற்றில் தூக்க உடையின்மேல் கம்பளிச்சட்டை அணிந்து அதே இடத்தில் அப்பாவின் தோளில் இருந்தாள்.

யார் போகலாம் என்று கேட்டால்: ஒரு முழுத்தொலைவுப் பந்தயத்தை முடித்தவர்கள், அல்லது அரைத்தொலைவை 7 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு ஆறு மாதமாவது மேட்டுச் சாலைகளில் ஓட்டப் பயிற்சி எடுத்தவர்கள். பயிற்சிக்கு நீண்ட மலைச் சாலையைவிட, இரண்டு மூன்று நிமிடத்தில் ஏறி முடிக்கும் செங்குத்தான மேட்டை இருபது முறை ஏறி இறங்குவதே இதற்குப் பொருத்தம். நேரத்தை முன்னேற்றிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் வேறு ஊரைப் பாருங்கள். சமதளப் பந்தயத்தில் எடுத்த நேரத்தோடு குறைந்தது ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டு திட்டமிடுங்கள். எனக்கு அதற்கு மேல் ஆன ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பெரும்பங்கு, அந்த 28 பல்லில் நசுங்கிய கால்களால் ஓட்டத்தில் போனது. குடும்பத்தோடு வருவதற்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. என் கணவரும் பிள்ளைகளும் ஒரே இடத்தில் நின்று நீச்சலையும், ஐந்து நிமிட நடையில் ஓட்டத்தையும் எட்டு முறைக்குக் குறையாமல் பார்த்தார்கள். நடுவே கடற்கரையில் மணல்வீடும் கட்டி முடித்திருந்தார்கள்.

பந்தயம் முடிந்த மறுவாரம் வளைந்த கொக்கியை மாற்றினேன். கேசட்டையும் கழற்றிவிட்டு 34 பல் ஒன்றை வாங்கி, இம்முறை நானே மாட்டினேன். பிரிஸ்டலின் மிகச் செங்குத்தான தெருவான வேல் தெருவில், கடைசிப் பல்லில் செயினை வைத்து, எழுந்து நின்று, நான்கு முறை ஏறிப் பார்த்தாகிவிட்டது. செயின் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.